தனிப் பாணியும் தன்னின்மையும்



நம் சங்கத்தின் படிப்பறையில் ஞாயிறுதோறும் நடைபெறும் கூட்டத்தில் சில வாரங்களுக்கு முன் எழுந்த ஒரு வினாவும், அதற்கு அளிக்கப்பட்ட விடையும், அவ்விடையால் விளைந்த தீங்குமே இக்கட்டுரைக்குக் காரணமாயின. வினவியவர் இருபத்தாறு வயதுள்ள ஓர் இளைஞர். அவருடைய பாட்டனார் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் கல் உடைத்தவர். தந்தையாரும் அங்கேயே பணியாற்றி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர். இளைஞரோ, இன்று தங்கவயலில் வாழும் பல்லாயிரவரைப் போல, விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புபவர்.

இவர் இரண்டாண்டுகளாகப் பென்சிலால் படம் வரைந்து வருகிறார். எந்த ஆசிரியரிடமும் கற்றவரல்லர். வண்டியில் செல்லும் நேரமே அவருடைய பள்ளிக்கூடம். எதிரில் அமர்ந்து உறங்குவோரே பாடம். உறங்குகின்றவன் “என்னை ஏன் வரைகிறாய்?” என்று கேட்பதில்லை, கூலியும் கேட்பதில்லை, ஆதலின் தொடக்கக்காரனுக்கு அவனினும் நல்ல மாதிரி கிடைப்பது அரிது என்று அவர் ஒருமுறை கூறியபோது நாம் மகிழ்ந்தோம். சென்ற ஆண்டில் தம் பாட்டனாரின் உருவத்தைப் பெரிய தாளொன்றில் வரைந்து நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். படம் ஏற்கப்படவில்லை. நடுவருள் ஒருவர், பரிவுடனேயே, “கை பழகியிருக்கிறது, ஆனால் படத்தில் நீ இல்லை. உனக்கென்று ஒரு பாணியைத் தேடிக்கொள்” என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்று தொடங்கிய தேடல் ஏழு நோட்டுப் புத்தகங்களாக வளர்ந்தது. ஒன்றில் குறுக்கும் மறுக்குமான கோடுகளாலேயே நிழல் காட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் கரியை விரலால் தேய்த்துப் புகைபோல் ஆக்கியிருந்தார். மற்றொன்றில் முகங்கள் யாவும் சுரைக்காய்போல் நீண்டிருந்தன. வேறொன்றில் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே கோட்டில் உருவங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் நிரம்பியிருக்கும், அப்பால் வெற்றுத்தாள். இந்த ஏழையும் கொண்டுவந்து மேசைமீது வைத்து அவர் கேட்டது இது: “ஐயா, என் பாணி இவற்றுள் எது? எதுவுமில்லை என்றால், அதைத் தேடுவது சரியா, அல்லது தேடுவதே தவறா?”

நம்முள் மூத்தவர் ஒருவர், சூத்திரங்களை நன்கு கற்றவர், உடனே விடையிறுத்தார். “தம்பி, ‘நான்’ என்பதே இல்லை என்பது தம்மமாயிருக்க, உனக்கென்று ஒரு பாணி எங்கிருந்து வரும்?” கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். இளைஞரும் சிரித்தார், ஆயினும் நோட்டுப் புத்தகங்களை அவர் பையில் திணித்த விரைவைக் கண்டவர்கள் அதனைச் சிரிப்பென்று கொள்ளார். அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை.

பெரியவர் கூறியது பொய்யன்று. ஆனால் மெய்யான சொல்லும் இடமறியாது வீசப்பட்டால் கல்லாகும். வச்சகோத்தர் என்னும் பரிவிராசகர் பகவன் புத்தரை அணுகி, ஆன்மா உண்டோ என்று வினவியபோதும், இல்லையோ என்று வினவியபோதும் அவர் வாளாவிருந்தார் என்பது நம்மில் பலர் அறிந்ததே. வச்சகோத்தர் சென்றபின் ஆனந்தர் காரணம் கேட்க, ‘இல்லை’ என்று உரைத்திருப்பின், முன்னமே மயங்கியிருந்த அம்மனிதர், நேற்றுவரை எனக்கிருந்த ஆன்மா இன்று எங்கே போயிற்று என்று இன்னும் மயங்கியிருப்பார் என்று பகவன் விளக்கினார். தன்னின்மையை உலகுக்கு உரைத்த ஆசானே, கேட்பவன் நிலையை நோக்கி அதனைச் சொல்லாது விட்டார். நாமோ ஒரு நகைச்சுவைக்காக அதனைச் சொல்லிவிட்டோம்!

இன்னொன்றும் கருதத்தக்கது. ‘நான் என்பது இல்லை’ என்னும் போதனை யாரை நோக்கி எழுந்தது? தன்னைப் பெரிதென்று எண்ணிப் பற்றிக்கொண்டோனை நோக்கியே எழுந்தது. நம் முன்னோர்க்கு அப்பெருமிதம் என்றேனும் வாய்த்ததுண்டோ? கோலார் தங்கவயலில் 1930-ஆம் ஆண்டு நடந்த வேலை நிறுத்தத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். தொழிலாளர் ஒவ்வொருவரின் விரல்ரேகையையும் எடுத்துப் பதிவு செய்யச் சுரங்க நிர்வாகம் முற்பட்டபோது, குற்றவாளிகளை நடத்துவதுபோல் தங்களை நடத்துவதா என்று அவர்கள் கொதித்தெழுந்து வேலையை நிறுத்தினர். விரல்ரேகையைப் போல் ஒரு மனிதனுக்கே உரியது வேறில்லை. இருந்தும் அதனை அவர்கள் கொடுக்க மறுத்தனர். இன்ன மனிதன் இன்னவன் என்று பிறர் அடையாளம் குறிப்பது வேறு; நான் கண்டது இது, நான் சொல்ல விழைவது இது என்று ஒருவன் தானே எடுத்துரைப்பது வேறு. முன்னது நம்மவர்க்கு வேண்டிய அளவு செய்யப்பட்டது. பின்னதற்கோ வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. அத்தகைய குடியில் பிறந்த ஓர் இளைஞன் கையில் பென்சிலை எடுத்து, எனக்கென்று ஒரு கோடு வேண்டும் என்றால், அதனை உடனே வேட்கை என்று பெயரிட்டு அடக்குவது அறமாகாது.

இவ்விடத்தில் சிலர், அப்படியாயின் நடுவர் சொன்னதே சரி என்று கொள்ளலாம். அதுவும் நமக்கு உடன்பாடன்று. நடுவர் ‘படத்தில் நீ இல்லை’ என்றார். நம் பெரியவர் ‘நீ என்பதே இல்லை’ என்றார். மேலுக்கு எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டு கூற்றும் ஒரே நினைப்பின்மேல் நிற்கின்றன. பாணி என்பது உள்ளே குடியிருக்கும் ஒருவனுடைய உடைமை என்பதே அந்நினைப்பு. அவன் இருந்தால் பாணி வெளிப்படும் என்பது ஒன்று. அவன் இல்லையாதலின் பாணியும் இல்லை என்பது மற்றொன்று. சாசுவத வாதத்தையும் உச்சேத வாதத்தையும் பகவன் ஒருங்கே விலக்கியது போல, ஓவிய விஷயத்திலும் இவ்விரண்டையும் விலக்கி நோக்குவதே முறை. அங்ஙனம் நோக்குதற்கு வெறும் தருக்கம் போதாது. உண்மையில் ஒருவனிடம் பாணி எவ்வாறு உண்டாயிற்று என்று பார்த்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது டச்சு நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோவின் வரலாறு. ஒரு கோட்டைக் கண்ட அளவில் இது இன்னாருடையது என்று உலகம் சொல்லத்தக்க பாணி அவருடையது என்பதில் ஐயமில்லை. அன்றியும் அவர் பென்சில் எடுத்த இடம் ஒரு சுரங்க நாடு.

1853-இல் பிறந்த வான் கோ, கலைப்பொருள் வணிகத்தில் சில ஆண்டுகள் கழித்து, அதை விட்டு, சமயப் பணியாளராகப் பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரிப் பகுதிக்கு 1878-ஆம் ஆண்டின் இறுதியில் சென்றார். அங்குள்ள தொழிலாளரின் வறுமையைக் கண்டு தம் ஆடைகளையும் கொடுத்துவிட்டுக் குடிசையில் வாழ்ந்தார். 1879-இல் மார்காஸ் என்னும் சுரங்கத்தில் 700 மீட்டர் ஆழம் இறங்கிப் பார்த்துத் தம் தம்பி தியோவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். (மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தாரின் பேரர்களாகிய நமக்கு 700 மீட்டர் சிறிதாகத் தோன்றலாம், இறங்குபவனுக்கு ஆழம் எங்கும் ஆழமே.) அவரை அனுப்பிய சபையார் அவருக்குப் பேச்சுத் திறம் போதாதென்று சொல்லி அப்பணியைத் தொடர விடவில்லை. 1880-ஆம் ஆண்டில், இருபத்தேழாம் வயதில், வேலையும் மதிப்பும் இழந்து அப்பகுதியிலேயே தங்கியிருந்த நிலையில் அவர் ஓவியனாவதென்று துணிந்தார்.

துணிந்தவர் முதலில் என் செய்தார்? தமக்கென ஒரு பாணியைத் தேடினாரா? இல்லை. சார்ல்ஸ் பார்க் என்பவர் தொகுத்த பயிற்சித் தாள்களை வரவழைத்தார். 197 தாள்கள் கொண்ட அத்தொகுதி மாணவர் பார்த்து வரைவதற்கென்றே அச்சிடப்பட்டது: சுதையாற் செய்த பாதம், கை, முகம், பழைய ஆசான்களின் உருவங்கள், பிறகு கரிக்கோலால் வரைதற்குரிய 60 மனித உருவங்கள். இவற்றைக் காலை முதல் மாலைவரை படியெடுத்தார். முடித்ததும் மீண்டும் தொடங்கினார். உழவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களையும் படியெடுத்தார். அக்காலத்தில் அவர் வரைந்த சுரங்கத் தொழிலாளர் படம் ஒன்றுண்டு. பனியில் வேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் அதில் வரிசையாக நடக்கின்றனர். உடல்கள் விறைப்பாக உள்ளன. கால்கள் தரையில் ஊன்றவில்லை. நம் இளைஞரின் நடுவர் அன்று அங்கிருந்தால், ‘கையும் பழகவில்லை’ என்றே சொல்லியிருப்பார்.

பின்னர் ஹேக் நகரில் 1882, 1883-ஆம் ஆண்டுகளில் அவர் தச்சர் பயன்படுத்தும் தடித்த பென்சிலை விரும்பி எடுத்தார். மெல்லிய பென்சிலின் நயத்தினும் அதன் முரட்டுத்தன்மை அவருக்கு உகந்தது. பென்சில் கரியின் பளபளப்பு கண்ணை உறுத்துமாதலின், வரைந்த தாளின்மேல் பாலை ஊற்றி அப்பளபளப்பை அடக்கினார். தூரத்துப் பொருளும் அண்மைப் பொருளும் தத்தம் அளவில் அமைவதற்காக, கம்பிகள் குறுக்கே கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்து, அதனூடே வயலை நோக்கி வரைந்தார். இவை ஒன்றும் ‘நான் யார்?’ என்று உலகுக்குக் காட்டச் செய்தவையல்ல. எதிரில் நின்ற வயலும் கிழவனும் மரமும் தாளில் சரியாக வரவில்லையே என்னும் கவலையால் செய்தவை. அக்கவலையும், அத்தச்சன் பென்சிலும், அம்முரட்டுத் தாளும், மிலேயின்பால் அவர் கொண்ட அன்பும், பொறுமையற்ற அவர் உடம்பின் வேகமும் ஒன்றன்மேல் ஒன்று சார்ந்து நின்றபோது, எவரும் நாடாமலே, அக்கோடு தோன்றியது.

1888 செப்டம்பரில் அவர் தம் உருவத்தைத் தாமே தீட்டி நண்பர் கோகானுக்கு அனுப்பினார். அழியாத புத்தரை வழிபடும் எளிய பிக்கு ஒருவராகத் தம்மைக் கருதி அதனைத் தீட்டியதாக அவரே எழுதியுள்ளார். இப்போது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் உள்ள அப்படத்தில் தலைமயிர் ஒட்டக் கத்தரிக்கப்பட்டுள்ளது. இதைக் கொண்டு அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுதல் சிறுபிள்ளைத்தனம். ஜப்பானியப் படங்களின்மேல் அவர் கொண்ட காதலால் பிறந்த கற்பனை அது. எனினும், தம் முகத்தைத் தீட்டப் புகுந்த ஒருவர் அதனை வேறொருவர் முகமாகக் கண்டார் என்பது நம் ஆராய்ச்சிக்குப் பொருத்தமானதே.

அவர் வரலாற்றில் நம்மை மிகவும் வியக்கச் செய்தது வேறொன்று. 1890-ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில், ஏறத்தாழ இரண்டு திங்களில் இறக்கவிருந்த நிலையில், அவர் தம் தம்பிக்கு எழுதி, அந்தப் பழைய பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களை அனுப்புமாறு கேட்டார். அவற்றை மீண்டும் வரைந்தாக வேண்டும் என்றார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மருத்துவமனையில் இருந்தபடி மிலேயின் உழவர் படங்களைத் தம் வண்ணத்தில் திரும்பத் தீட்டினார். இசைக்கலைஞன் ஒருவன் வேறொருவர் அமைத்த இசையை வாசிப்பது போன்றதே தம் செயல் என்றும் கூறினார். உலகம் இன்று தனிப்பாணிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் மனிதர், அப்பாணி முற்றிய காலத்தில், பள்ளிப் பிள்ளையின் பயிற்சித் தாளைக் கேட்டு எழுதுகிறார்! தம் பாணி தொலைந்துவிடும் என்னும் அச்சம் அவருக்கு எழவில்லை. ஏன்? அதனைத் தம் உடைமையாக அவர் வைத்திருக்கவில்லை என்பதே நம் கருத்து.

நம் நாட்டிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. 1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் அம்மையார் அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுக்க வந்தபோது, நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார் முதலிய இளைஞர்கள் அப்பணியில் துணை நின்றனர். பெயர் பொறிக்காத கைகள் வரைந்த கோடுகளை வரிவரியாகப் பின்பற்றினார் நந்தலால். அதனால் அவர் கை அடிமைப்பட்டதா? 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் வரைந்த நாட்டுப்புறக் காட்சிகளையும், பின்னர் அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராயிருந்து உருவாக்கிய அரசியலமைப்பின் கையெழுத்துப் படிக்கு அவரும் அவர் மாணாக்கரும் தீட்டிய அணிகளையும் கண்டவர் அவ்வாறு சொல்லார்.

ஆகவே, பிறரைப் பின்பற்றுவதால் பாணி கெடாது. பின் எதனால் கெடும்? இளைஞரின் ஏழு நோட்டுப் புத்தகங்களை நினைவுகூர்ந்தால் விளங்கும். முகங்களை அவர் நீட்டியது, நீண்ட முகம் ஒன்றைக் கண்டு அன்று. நீட்டினால் பிறரினும் வேறாகத் தெரியும் என்று கருதி. கரியைத் தேய்த்தது, மூடுபனியைக் கண்டு அன்று. தேய்த்த படம் ஒன்று எங்கோ பாராட்டப்பட்டதைக் கண்டு. கண்கள் எதிரிலுள்ள பொருளை விட்டுத் தன்மேல் திரும்பின. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடப்பவன் வழியைக் காணான். வேறுபாடு ஒன்றே வேண்டுமெனின் அதற்கு முயற்சியே வேண்டுவதில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் போதும், உலகில் எவர்க்கும் இல்லாத உருவம் ஒன்று கிடைத்துவிடும்.

இனி அப்பெரியவர் எடுத்த வினாவுக்கு மீள்வோம்: ‘நான்’ இல்லாதபோது பாணி யாருடையது? மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் காட்டிய விளக்கின் உவமையை ஈண்டு எண்ணலாம். முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் அதுவே என்றும் சொல்லவொண்ணாது, வேறென்றும் சொல்லவொண்ணாது. நம் இளைஞர் கையிலுள்ள பென்சிலை எடுத்துக்கொள்வோம். கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பள்ளிப் பென்சில் அது. அதன் உள்ளீடு கரீயமும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் கோந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட முறை. களிமண் மிகுந்தால் கோடு வெளிறி மெலியும்; குறைந்தால் கறுத்துக் குழையும். அதன் மரம், நம் நாட்டுப் பென்சில்கள் பலவற்றிற்குப் போல, காஷ்மீரத்துப் புல்வாமாவில் வளர்ந்த பாப்ளராக இருக்கலாம். அதனைப் பிடித்திருக்கும் கை தாய் தந்தையர் தந்தது. அக்கை ஓடும் வேகம் வண்டி தந்தது. உறங்குபவன் முகமோ அவனுடையது. இவற்றுள் ‘என்னுடையது’ என்று அவர் சுட்டத்தக்கது எது? ஒன்றுமில்லை. எனினும் இவை யாவும் கூடிய இடத்தில் தோன்றும் கோடு வேறெவருடையதும் அன்று. வேறொருவர் அவ்விருக்கையில் அமர்ந்தால் அக்கோடு தோன்றாது. சார்பில் தோன்றுதல் என்று நாம் படிப்பறையில் மனப்பாடம் செய்யும் பன்னிரு நிதானங்களுக்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டியதில்லை. தன்னின்மை, பாணியை இல்லாததாக்கவில்லை; அதைக் காவல் காக்க வேண்டிய சுமையை மட்டுமே இறக்கி வைக்கிறது.

இவ்வளவும் நாம் எண்ணித் தெளிந்தது பிறகுதான். நான்காம் ஞாயிறன்று, பெரியவரே முன்வந்து அழைக்க, இருவருமாக அவ்விளைஞரின் வீட்டிற்குச் சென்றோம். பழைய சுரங்க லைன் வீடு. வாயிலில் நின்றால் சயனைடு மேடு வெளுத்துத் தெரியும். பெரியவர் திண்ணையில் அமர்ந்ததும், “தம்பி, அன்று நான் பேசியது பிழை. நீ கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்” என்றார். எண்பதை எட்டும் ஒருவர் அங்ஙனம் சொன்னதைக் கேட்க நமக்கே நாணமாயிற்று. ஏனெனில் அன்று உடன் சிரித்த நாம் ஏதும் சொல்லாமல் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பிறகே நாமும் பொறுத்தருளுமாறு கேட்டோம்.

பேச்சு இளகிய பின், இரயிலில் வரைந்தவற்றைக் காட்டும்படி வேண்டினோம். அவற்றை அவர் படிப்பறைக்குக் கொண்டுவந்ததில்லை. ஏழோடு எட்டாவதாக எண்ணியதுமில்லை. பலசரக்குக் கடைக் கணக்கு எழுதும் நீண்ட புத்தகம் ஒன்று. பக்கந்தோறும் உறங்குவோர். அவர் அவற்றின் குறைகளை அடுக்கிக்கொண்டே தாள்களைப் புரட்டினார். எவர் எந்த நிலையத்தில் விழித்து இறங்குவார் என்பது தெரியாததால் கண், மூக்கு என்று முறையாகத் தொடங்க நேரமில்லை, தாடை மார்பில் சாயும் இடத்தில் தொடங்கித் தோள்வரை இறங்கிவிடுவதே வழக்கமாகிவிட்டது என்றார். பங்காரப்பேட்டையில் ஏறியவர் மாலூரில் எழுந்துவிட்டதால் பாதியில் நின்றவை பல. வண்டி குலுங்கும்போது கோடு உடைந்து, மீண்டும் சற்றுத் தள்ளித் தொடங்கியிருந்தது. அவ்வாறு உடைந்த கோடுகளை இரவில் வீட்டிற்கு வந்ததும் ரப்பரால் அழித்து நேராக்கிவிடுவதாகவும், நேரமின்மையால் சில பக்கங்கள் அப்படியே நின்றுவிட்டதாகவும் வருந்திச் சொன்னார். திருத்தப்படாமல் நின்ற அப்பக்கங்களைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். நாமும் பார்த்தோம். களைப்பு என்பதை அத்துணை அருகில் நாம் கண்டதில்லை.

இப்போது நமக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. ‘நீ தேடுவது இதுதான்’ என்று சுட்டிக்காட்டலாமா? காட்டாமல் இருப்பது கரவு போலத் தோன்றியது. காட்டினாலோ, நாளை முதல் அவர் உறங்குவோரைப் பார்ப்பதை விட்டுத் தம் பழைய தாள்களைப் பார்ப்பார்; வண்டி குலுங்காதபோதும் கோட்டை உடைப்பார். பிறரைப் படியெடுப்பவன் பிறரையேனும் நோக்குகிறான். தன்னையே படியெடுக்கத் தொடங்கியவன் எதையும் நோக்குவதில்லை. புகழ்பெற்ற ஓவியர் சிலரின் முதுமைக் காலப் படங்கள் இதற்குச் சான்று பகரும் என்பது நம் எண்ணம். பலமுறை யோசித்து, இறுதியில் ஒன்றே சொன்னோம்: “வண்டியில் வரைந்ததை வீட்டில் அழிக்க வேண்டா.” ஏன் என்று கேட்டார். “அழிக்கும் நேரத்தில் இன்னொன்று வரையலாமே” என்றார் பெரியவர். அவ்விடை நம்முடையதினும் மேலானது.

போரினாஜ் கதையையும், 60 தாள்களையும், தச்சன் பென்சிலையும் அன்று மாலை அவருக்குச் சொன்னோம். சுரங்கம் என்றதும் அவர் தந்தையாரும் உள்ளிருந்து வந்து உட்கார்ந்து கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த டச்சுக்காரர் உள்ளே இறங்கியபோது தலையில் என்ன விளக்கு வைத்திருந்தார் என்பது. நமக்கு விடை தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு இளைஞர் படிப்பறைக்கு வந்தார். கணினிக் கடையொன்றில் பார்க்கின் தாள்கள் மூன்றினை அச்செடுத்து வந்திருந்தார்; அவற்றுள் சுதைப் பாதம் ஒன்று. அதனைப் பார்த்து ஒருமுறை வரைந்தார். பிறகு அறையைச் சுற்றி நோக்கிவிட்டு, பெரியவரை அணுகி, “ஐயா, செருப்பைக் கழற்றிக் காலை இந்தப் பலகைமேல் நீட்டுகிறீர்களா?” என்றார். பெரியவர் நீட்டினார். ஒரு மணி நேரம் அறையில் பென்சில் தாளில் உராயும் ஓசை தவிர வேறில்லை. அன்றைய சூத்திர வாசிப்பும் நடைபெறவில்லை. இடையில் ஒருமுறை பெரியவர் மெல்லிய குரலில், “கால் மரத்துப் போயிற்று, தம்பி, முடிந்ததா?” என்று கேட்டார். “விரல்கள் இன்னும் வரவில்லை, ஐயா” என்றார் அவர், தலை நிமிராமலே.